ஏரி நடுவில் உட்கார்ந்த காபிக்கடை

என் அண்ணன் ஹார்லன் ட்வைட் முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். எட்டாம் வகுப்புவரை ஒழுங்காகப் படித்தவன். கொரியப் போருக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவன். டிராக்டர் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவான். சில போல்ட்டுகள் மிச்சமிருக்கும், ஆனாலும் வண்டி ஓடும். அவனிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், சொன்னவர் வாயை மூடுவதற்குள் அதைச் செய்ய ஆரம்பித்திருப்பான்.

"அந்த ஆர்டிஸைக் கட்டிக்காதே, அவளுக்கு வாய் ஜாஸ்தி" என்று எங்கள் அம்மா சொன்னாள். அடுத்த மாதமே தேவாலயத்தில் கல்யாணம். பள்ளியில் நானும் ஆர்டிஸும் ஒரே பெஞ்சுப் பெண்கள். எனக்கு அண்ணியாக வந்த பிறகும் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவள் வாய் விஷயத்தில் அம்மா சொன்னது குறைவு.

எங்கள் ஊர் ஹெல்விக், மினசோட்டாவின் வடக்கே, பன்றிமூக்கு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க், ஆர்டிஸின் காபிக்கடை. அவ்வளவுதான். நெடுஞ்சாலை எங்கள் கரை வழியாக வளைந்து போனதால்தான் ஊரே பிழைத்தது. வளைவுக்கு வண்டிக்காரன் வேகத்தைக் குறைப்பான், குறைத்தால் ஆர்டிஸ் சுடும் கேரமல் ரோல், அந்தப் பாகு ஊற்றிய சுருள் ரொட்டியின் வாசம் மூக்கில் ஏறும், ஏறினால் வண்டி நிற்கும். தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த சாலைத் துறைப் புண்ணியவான்களுக்கு வளைவு பிடிக்கவில்லை. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார்கள். நெடுஞ்சாலை மேற்குக் கரைக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்துச் சாலை தானியக் கிடங்கோடு முடிந்துபோனது. அவர்கள் நாசமாய்ப் போக!

அதன்பிறகு ஆர்டிஸ் கடை ஜன்னல் வழியாக, ஏரிக்கு அந்தப் பக்கம் கார்கள் வெயிலில் மின்னிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடி ரோல் சுட்டாள். சாப்பிட நாங்கள் மட்டுமே இருந்தோம். பள்ளிப் பேருந்து ஓட்டும் நானும், ஹார்லனும், பாஸ்டர் சுண்டெட்டும் எத்தனை ரோலைத்தான் உள்ளே தள்ளுவது? பாஸ்டர் முயற்சி செய்தார். அவர் அங்கியைத் தையல் பிரித்து அகலப்படுத்த வேண்டி வந்தது.

இங்கே எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நார்வேயிலிருந்து வந்த எங்கள் தாத்தாக்கள் பாராட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் குழந்தை பிறந்தாலும், விளைச்சல் அமோகமாக இருந்தாலும், "மோசமில்லை" என்பார்கள். அதற்கு மேல் யாராவது புகழ்ந்தால், அவன் கடன் கேட்கப்போகிறான் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து ஹார்லன் தினமும் ஆர்டிஸ் கையால் சுட்ட ரோலைத் தின்றுவிட்டு, தட்டைத் தள்ளி, "மோசமில்லை" என்று எழுந்து போவான். ஆர்டிஸ் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாததுபோல் தட்டை எடுப்பாள். ஆனால் தட்டு வைக்கிற சத்தம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது எனக்குத் தெரியும்.

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் விருந்தின்போது, எல்லாருக்கும் முன்னால் அவள் போட்டு உடைத்தாள்.

"என் தங்கச்சி ஃபார்கோவுல ஒரு ஹோட்டல் சமையல்கட்டுல வேலை சொல்லி வச்சிருக்கா. மே மாசம் தடை முடிஞ்சு மீன்பிடி திறக்கிற நாள், வெளியூர்ப் படகெல்லாம் வர்ற நாள் வரைக்கும் பாப்பேன். அன்னிக்கு என் அடுப்பு எரியணும். முன்னபின்ன தெரியாத ஒருத்தன் வந்து எங்கிட்ட காபி கேக்கணும். இல்லன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"முன்னபின்ன தெரியாதவன்தான் வேணுமா? நாங்கல்லாம் குடிக்கலையா?" என்றேன் நான்.

"லாவோன், நீ குடிக்கிற காபியில எனக்குச் சமைக்கத் தெரியுமான்னே மறந்துபோச்சு."

ஹார்லன் உருளைக்கிழங்கை நோண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை கடைக்கு அடியில் படுத்து அளந்துகொண்டிருந்தான். சாலை ஓடிவிட்டது என்றால் கடையைத் தூக்கிக்கொண்டு சாலையைத் துரத்துவது என்று முடிவெடுத்துவிட்டான். சுற்றிப் போனால் குறுகலான ஒரு பாலம் உண்டு. அதில் கடை நுழையாது. அதனால் கடைக்கு அடியில் இரண்டு பெரிய மரச் சட்டங்களைக் கொடுத்து, சறுக்குவண்டி மாதிரி ஆக்கி, உறைந்த ஏரிமேல் நேராக மேற்குக் கரைக்கு இழுத்துக்கொண்டு போவது என்பது திட்டம். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தேவாலயமே ஒரு காலத்தில் அப்படித்தான் ஏரியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தது.

ஆனால் தேவாலயத்தை இழுத்தவர்கள் ஜனவரியில் இழுத்தார்கள். ஜனவரியில் ஏரி கல். அதன்மேல் ஊரையே வைத்து இழுக்கலாம். ஹார்லன் ஜனவரியில் என்ன செய்தான்? பனிக்கட்டியில் துளை போட்டு, தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து மீன் பிடித்தான். அந்த வருஷம் மீன்கள் பைத்தியம் பிடித்ததுபோல் கடித்தன. பிப்ரவரியிலும் கடித்தன. ஆர்டிஸ் கத்தினாள், இழுத்துவிடு என்று நான் சொன்னேன், டிராக்டர் வைத்திருந்த டெல்மரும் சொன்னான்.

"நாளைக்கு" என்பான் ஹார்லன், தூண்டிலைப் பார்த்தபடி.

மார்ச் கடைசியில் மீன் கடிப்பது நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. காக்கைகள் வந்துவிட்டன. அப்போதுதான் இந்த மகானுக்கு ஞானம் பிறந்தது.

"இப்போ போனா ஐஸ் தாங்காதுடா" என்றான் டெல்மர்.

"கார் நிக்குதுல்ல?"

இந்தக் கார் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் தேவாலயத்தார் ஓடாத பழைய கார் ஒன்றை எஞ்சினைக் கழற்றிவிட்டு ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வசந்தத்தில் அது எந்த நாள் மூழ்கும் என்று சரியாகச் சொல்பவருக்குப் புகையிட்ட பன்றித்தொடை ஒன்று முழுசாகப் பரிசு. இது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக ஊருக்கே அது வேதவாக்காகிவிட்டது. கார் நிற்கிறதா, ஏரிமேல் நடக்கலாம். கார் போய்விட்டதா, கரையில் இரு. வானொலியில் வானிலை சொல்பவனை நம்பாதவர்கள்கூட அந்தத் துருப்பிடித்த காரை நம்பினார்கள். நிறுத்துவதும், பிறகு சங்கிலி போட்டு வெளியே இழுப்பதும் ஹார்லன் பொறுப்பு. அதற்கு முந்தின வருஷம் கார் ஆழத்தில் போய் மாட்டிக்கொண்டு, அதை இழுத்து எடுப்பதற்குள் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதம் இருமினான். இந்த முறை யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போய் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

ஏரிக்கு ஏன் பன்றிமூக்கு என்று பெயர் என்றால், அதன் நடுவில் இரண்டு பெரும் பள்ளங்கள் உண்டு, மூக்குத் துளைகள் மாதிரி. கல்லைக் கட்டிக் கயிறு விட்டவர்கள் கயிறு தீர்ந்து திரும்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கடியில் ஒரு மணல்திட்டு. கோடையில் படகின் அடி உரசும்போது திட்டு எங்கே என்று தெரியும். குளிர்காலத்தில் எல்லாம் ஒரே வெள்ளைதான்.

ஹார்லன் தன் வழியைக் குச்சி நட்டுக் குறித்து வைத்திருந்தான். தெற்குப் பள்ளத்தின் மேலே நேர்கோடு. அதுதான் குறுக்குவழி.

கிளம்புகிற அன்று காலை நான் கடைக்குப் போனபோது ஆர்டிஸ் ஏணிமேல் நின்று மாவு மூட்டை, சர்க்கரை, பீங்கான், காபித்தூள் எல்லாவற்றையும் மேல்தட்டுகளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு கரண்டிகூட இல்லை.

"குலுங்கினா மேலேர்ந்து விழுமே" என்றேன்.

"நீ பேசாம அந்த ஜாடியை எடுத்துக் குடு."

பிறகு வெளியே வந்து, கேபிளைப் பூட்டிக்கொண்டிருந்த அண்ணன் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதோ பாரு மனுசா. எந்தப் பக்கமா வேணும்னாலும் இழுத்துட்டுப் போ. அந்தக் கார் பக்கம் மட்டும் போயிடாதே."

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலையா? ஏரியில ஐஸ் எங்க கெட்டின்னு உனக்கு யார் சொன்னது? கார் நிக்கிற இடம்தான் கெட்டி. ரோல் சுடுறவங்க ரோல் சுடணும்."

"நான் சொல்லிட்டேன். போகாதே. அவ்வளவுதான்."

ஹார்லன் போய்க் குச்சிகளை எல்லாம் பிடுங்கினான். காரை ஒட்டிப் போகும்படி புதுசாக நட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இவளுக்கு இவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

பாஸ்டர் சுண்டெட் கரையில் நின்று ஜெபம் செய்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் ஜெபித்து நடந்தது மழை மட்டும்தான், அதுவும் அறுவடை நாளில். டெல்மர் நீளமான கேபிளின் அந்த முனையில் டிராக்டரைக் கிளப்பினான். கடை முனகிக்கொண்டு நகர்ந்தது. நாங்கள் கொஞ்சம் தள்ளி நடந்தோம். பாதி ஏரி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. நான்கூட, சரி, கிறுக்கன் ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

கார் பக்கத்தில் வந்ததும் காலடியில் பனிக்கட்டி உறுமியது.

"ஹார்லன், சத்தம் வருது!" டெல்மர் கத்தினான்.

"ஐஸ்னா சத்தம் வரத்தான் செய்யும்! நீ இழு!"

டெல்மர் இழுக்கவில்லை. குதித்து, கொக்கியைக் கழற்றிவிட்டு, டிராக்டரில் ஏறி மேற்குக் கரைக்குப் பறந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த டிராக்டருக்கு இன்னும் தவணை பாக்கி இருந்தது.

கடை ஒன்றும் தடாலென்று விழவில்லை. மூட்டுவலிக்காரி நாற்காலியில் உட்காருவதுபோல் முதலில் ஒரு மூலை, பிறகு அடுத்த மூலை, பிறகு பெருமூச்சு விட்டபடி மொத்தமாக இறங்கியது. வாசல் மணி ஒருமுறை அடித்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் எனக்கும் பாஸ்டருக்கும் தெரியும், இனி மேற்கூரை போகும், புகைபோக்கி போகும், அதோடு ஆர்டிஸும் போய்விடுவாள்.

காத்துக்கொண்டு நின்றோம். கடை அதற்கு மேல் போகவில்லை. வாசற்படிக்கு மேலே கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியதும், ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. பக்கத்தில் அந்தக் கார், ஒன்றுமே நடக்காததுபோல், துளிகூட அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"பாதி தூரம் வந்துட்டோம்" என்றாள் ஆர்டிஸ். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கரைக்குத் திரும்பியதும், சுற்றுப்பாதையில் வந்து சேர்ந்த டெல்மர் கேட்டான்: "ஏண்டா, கார் நிக்குது, நீ ஏன் மூழ்கினே?"

ஹார்லன் காதுவரை சிவந்தான். "கார்... திட்டு மேல நிக்குது. அங்க ஐஸ் மணலோட ஒட்டிக்கிச்சு. அது மூழ்காது. கடை போனது திட்டோட ஓரத்துல."

"திட்டு மேல எவன் நிறுத்தினான்?"

"நான்தான். ஆழத்துல போனா எடுக்கக் கஷ்டமா இருக்குன்னு."

"அப்ப அது நிக்கிறதை நம்பி நீயே ஏண்டா வந்தே?"

"கார் நின்னுதே" என்றான் என் அண்ணன், பரிதாபமாக.

இந்தப் பேச்சு ஒரு வாரத்தில் பக்கத்து மாவட்டம்வரை போனது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. எதிர்க்கரை நெடுஞ்சாலையில் கார்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தன. ஏரி உருகியதும் மாநில வனத்துறை அதிகாரி ஒருவர் படகில் வந்தார்.

"இதை உடனே அப்புறப்படுத்தணும்."

"எப்படி?" என்றான் ஹார்லன்.

"எப்படிக் கொண்டுவந்தீங்களோ அப்படித்தான்."

"ஐஸ் மேல கொண்டுவந்தோம்."

அதிகாரி ஏரியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், மேலே வானத்தைக்கூடப் பார்த்தார். "அப்ப ஐஸ் வந்ததும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆர்டிஸ் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்திருந்த ரோல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஏப்ரல் முழுக்க ஹார்லன் ஏரியில்தான் கிடந்தான். ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, விறைக்கிற தண்ணீரில் நெஞ்சளவு நின்று, ஜாக்கி வைத்து, பழைய ரயில்கட்டைகளை அடுக்கி, கடையை விரல்கடை விரல்கடையாகத் தூக்கினான். தரை தண்ணீருக்கு மேல் வந்தது. மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர், அடுப்புக்கு கேஸ் சிலிண்டர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவன் உதடு நீலம் பாரித்திருக்கும், கைவிரல் மடங்காது. யாரும் செய்யாதே என்று சொல்லாமலே அவன் செய்த முதல் வேலை அது. ஆர்டிஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி எதிரே வைப்பாள். அவளுடைய பெட்டி, கட்டினபடி, கதவோரமாகவே இருந்தது.

மே மாதம் மீன்பிடி திறக்கிற சனிக்கிழமை வந்தது. விடியற்காலையில் நானும் பாஸ்டரும் டெல்மரும் ஒரு படகில் போனோம். ஹார்லனும் ஆர்டிஸும் முன்னாடியே போய்விட்டிருந்தார்கள். அடுப்பு எரிந்தது, ரோல் வாசம் தண்ணீர்மேல் தவழ்ந்தது. பெட்டி மட்டும் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. மதியம் ஃபார்கோ பஸ்.

ஏரி முழுக்க மூடுபனி. எங்கோ படகு எஞ்சின்கள் உறுமின, விலகிப் போயின. ஒருவனும் வரவில்லை. நாங்கள் மூவரும் காபி குடித்தோம். எங்கள் காபி கணக்கில் சேராது என்று எல்லாருக்கும் தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் பாஸ்டர் பன்றித்தொடைப் பேச்சை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கார் சக்கரம் நனைந்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தது. "ஏரி முழுக்க உருகிடுச்சு, கார் மூழ்கல. பரிசை யாருக்குத்தான் குடுக்கிறது?"

"கடை மூழ்கின நாளைக் கணக்கு வச்சுக்கலாமே" என்று டெல்மர் இளித்தான். "ஹார்லன், அந்தக் கார் திட்டு மேல இருக்குன்னு உன்னைத் தவிர யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது" என்றான் ஹார்லன், தரையைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஆர்டிஸ். அவள் ரோல்மேல் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். "டிசம்பர்ல நீ துளை போட்டு, கழியை விட்டு ஆழம் பாத்துப் பாத்து அதை நிறுத்தினதை, இந்த ஜன்னல் வழியாத்தானே பாத்துட்டிருந்தேன்? வண்டி வராத சாலையில எனக்கு வேறென்ன வேடிக்கை?"

"தெரிஞ்சா சொல்றதுக்கென்னடி?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடையையே முழுக வச்சுட்டானே!"

"அவன் எந்தப் பக்கமா போறதுக்கு இருந்தான் லாவோன்?"

"தெற்குப் பள்ளத்து மேல..." என்று ஆரம்பித்து, நான் நிறுத்திக்கொண்டேன்.

"ஐஸ் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். நில்லுன்னு சொன்னா இன்னும் வேகமாப் போவான். இந்தக் கரையிலேயே இருந்தா கடை எப்படியும் செத்துடும். சரி, போறதுதான் போறான், நெஞ்சளவு தண்ணியில விழட்டும், அடியில்லாத பள்ளத்துல வேண்டாம்னு நினைச்சேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "கார் பக்கம் போகாதேன்னு வேற எதுக்குச் சொன்னேன்?"

கீழே தண்ணீர் கட்டையில் மோதுவது மட்டும் கேட்டது. மேல்தட்டுகளில் மாவும் சர்க்கரையும் ஏன் ஏறின என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ்டர் வாயைப் பிளந்தபடி இருந்தார். டெல்மர் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் டிராக்டரும் அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் போயிருக்க வேண்டியது.

"ஜனவரியிலேயே இந்த வித்தையைக் காட்டியிருக்கலாமே?" என்றேன் கடைசியில்.

"காட்டினேன். போகாதே, போகாதேன்னு கத்தினேன். அந்த மீனுங்க முன்னாடி என் வித்தை எடுபடல."

ஹார்லன் விடியலில் கட்டைகளைச் சரிபார்த்தபோது நனைந்த ரப்பர் உடுப்போடு நடந்து வந்து, கல்லாவில் நின்றபடியே ஒரு ரோலை எடுத்துத் தின்றான். மெதுவாகத் தின்றான். விரலில் ஒட்டின பாகைக்கூட விடவில்லை. தட்டைத் தள்ளவில்லை, கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கு" என்றான்.

ஆர்டிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் வந்துடுச்சா?"

"இல்ல. ரொம்ப நல்லா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துது."

அவள் சடாரென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலியான தட்டு ஒன்றைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. ச்சே! இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெளியே எஞ்சின் சத்தம் ஒன்று நெருங்கி வந்து அணைந்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு படகு ஜன்னலை ஒட்டி வந்து இடித்தது. பச்சைத் தொப்பி போட்ட ஒருவன், பக்கத்து அயோவா மாநிலத்துக்காரன், படகை ஓட்டுகிற லட்சணத்திலேயே தெரிந்தது, எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, நேத்து நெடுஞ்சாலையிலேர்ந்து பாத்தேன். கனவான்னு நினைச்சேன். இங்க காபி கிடைக்குமா?"

நாங்கள் நாலு பேரும் ஆர்டிஸைப் பார்த்தோம். அவள் ஏப்ரன் துணியில் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குப் போனாள்.

"கிடைக்கும். கயித்தைக் கதவுப் பிடியில கட்டு. உக்காரு, நின்னா கவுந்துடுவே."

ஹார்லன் ஸ்டூலில் இருந்த பெட்டியைத் தூக்கினான். ஏணியில் ஏறி, மேல்தட்டில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோரமாகத் தள்ளி வைத்தான். பிறகு கீழே இறங்கி வந்து, ஏணியை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னல் வழியாக ஏரியில் போட்டான்.